கணக்குக்குத் தேவையில்லாத வரி

மோட்டார் உறுமியது. சுற்றவில்லை.

அப்பாதுரை ஸ்டார்ட்டரின் சிவப்புப் பொத்தானை அழுத்தி நிறுத்தினார். இன்னொரு தரம் மோட்டார் காயில் கருகினால் திண்டிவனத்து வைண்டிங் கடைக்காரன் முகத்துக்கு நேராகவே சிரிப்பான்.

மல்லாட்டை விழுது இறங்கும் சமயம். மண் கல்லாகக் கிடந்தால் விழுது எங்கே இறங்கும்? இந்த வாரம் தண்ணீர் பாயாவிட்டால் கொல்லை முழுக்க வெறும் செடிதான், அடியில் ஒரு கடலை இருக்காது.

"கரெண்டை அமுக்கி வுடறானுங்க."

"கரெண்டு சரியாத்தாம்பா வருது. உங்க கம்பிதான் வழியிலயே தின்னுக்கினு இருக்குது."

சொன்னது மகள் துர்கா. பிளஸ் டூ. மோட்டார் கொட்டகை நிழலில், மடியில் பரீட்சை அட்டையோடு உட்கார்ந்திருந்தாள்.

அவர் முறைத்தார். அவள் குனிந்துகொண்டாள்.

மின் இணைப்பு இருப்பது கிழக்கே, அவர் பங்குக்கு வந்த பழைய கிணற்றடியில். புதிய போர்வெல் போட்டது இங்கே, மேற்கே. நடுவில் தம்பியின் நிலம்.

பாகம் பிரிந்த அன்று வார்த்தை தடித்துவிட்டது. 'உன் மண்ணுல என் காலும் படாது, என் கம்பியும் போவாது' என்று ஊரார் முன்னால் சொல்லிவிட்டார். அவர் குடும்பத்தில் சொன்னதை மாற்றிச் சொன்னவர் கிடையாது. ஆகவே கம்பி ஏரிக்கரையைச் சுற்றிக்கொண்டு வந்தது. தம்பி நிலத்துப் பக்கம் அவர் தலை திரும்பி வருஷக்கணக்காகிறது.

"இன்னா கணக்கு அது?" பேச்சை மாற்றக் கேட்டார்.

"பிசிக்ஸ் சார் போர்டுல எழுதிப் போட்டாரு."

ராகம் போட்டுப் படித்தாள். ஒரு விவசாயி கிணற்றிலிருந்து போர்வெல்லுக்குத் தொள்ளாயிரம் மீட்டர் கம்பியைச் சுற்றி இழுத்திருக்கிறார். குறுக்கே இழுத்தால் முந்நூறு மீட்டர் போதும். இரண்டு வழியிலும் ஒரே கம்பி, ஒரே மின்னோட்டம். கம்பியின் மின்தடையால் வீணாகும் திறன் எந்த வழியில் எவ்வளவு?

தொள்ளாயிரம் மீட்டர். கம்பிச் சுருளைப் பிரித்து அளந்தவர் அவர்தான். துண்டை உதறப்போன கை அப்படியே நின்றது.

"விடை இன்னா?"

"சுத்து வழியில மூணு மடங்கு வீண். கம்பி சூடாவறதுக்கே போயிடும். மிச்சத்தை வச்சிக்கினு மோட்டாரு முனகத்தான் முடியும்."

"அப்ப சுத்தி இழுத்தவன் முட்டாளா?"

"அதெல்லாம் கணக்குல இல்லப்பா. ஆனா கடைசியில ஒரு வரி போட்டிருக்காரு. கணக்குக்கு அது தேவையே இல்ல. எதுக்குன்னு கிளாசுல யாருக்கும் புரியல."

"படி."

"'குறுக்கு வழியில் கம்பங்கள் நட்டாகிவிட்டன.'"

படித்துவிட்டு அவள் தலை நிமிரவில்லை. பென்சிலைச் சீவிக்கொண்டிருந்தாள். அது ஏற்கெனவே கூராகத்தான் இருந்தது.

அப்பாதுரை கழுத்தைக் கிழக்கே திருப்பினார்.

சவுக்குக் கம்பங்கள். பழைய கிணற்றுப் பக்கத்திலிருந்து தம்பி நிலத்தின் குறுக்கே நூல் பிடித்தாற்போல வரிசையாக வந்தன. ஒவ்வொன்றின் அடியிலும் ஈரம் காயாத புது மண். கடைசிக் கம்பம் வரப்புக்கு ஓரடி அந்தப் பக்கமே நின்றது, அவருடைய மண்ணை மிதிக்காமல்.

தன்னிடம் வந்து கேட்டால் அண்ணன் குறைந்துபோவார் என்று தெரிந்து, அவர் கேட்காமலே தம்பி நட்டிருக்கிறான்.

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். முதுகு மட்டும் வளையவில்லை.

"குறுக்கு வழிதான் சரின்னு நாளைக்குச் சொல்லிடு. எங்கப்பா சொன்னாருன்னே சொல்லு."

"சரிப்பா. சாருகிட்ட சொல்லிடறேன்."

"சாருன்றதெல்லாம் கிளாசுக்குள்ள வச்சிக்க. வெளிய வந்தா சித்தப்பான்னு கூப்புடு."