தட்டிப் பார்த்த கோப்பைகள்

‘டொக்’ என்றது முதல் கோப்பை.

நகத்தால் மறுபடியும் சுண்டினேன். மறுபடியும் ‘டொக்’.

பீங்கான் சங்கதி ஒன்று சொல்லிவிடுகிறேன், கண்ணுகளா. நல்ல கோப்பையின் விளிம்பைச் சுண்டினால் சின்ன மணி மாதிரி ‘கிணிங்’ என்று இழுக்கும். கண்ணுக்குத் தெரியாத விரிசல் ஓடியிருந்தால், உடைந்த சட்டி மாதிரி ‘டொக்’கோடு நின்றுவிடும். கண் ஏமாறலாம், காது ஏமாறாது. எனக்கோ பாம்புச் செவி. அதில் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

இரண்டாவது கோப்பை. ‘டொக்’.

ஜன்னலோரம் படுத்திருந்த பூனை, தூக்கம் கெட்ட எரிச்சலில் காதைத் திருப்பி என்னை ஒரு பார்வை பார்த்தது. கிடக்கட்டும்.

என் அம்மா எனக்கென்று விட்டுப்போன செட் இது. நீலப் பூவும் தங்கக் கரையும். இதைக் கழுவுவதென்றால் எனக்கு ஆபரேஷன் பண்ணுவது மாதிரி. தொட்டியின் அடியில் துவாலையை விரித்து, வளையலைக் கழற்றி வைத்து, வெதுவெதுப்பான தண்ணீரில் ஒவ்வொன்றாக இறக்குவேன். கைப்பிடியைத் தொட மாட்டேன். வயிற்றுக்கு அடியில் உள்ளங்கை கொடுத்துத்தான் தூக்குவேன். பெற்ற பிள்ளையைக்கூட இத்தனை பதமாகக் குளிப்பாட்டியதில்லை. அவனே சொல்லிக்காட்டுவான்.

இதில் என்றைக்காவது தேநீர் குடித்தாயா என்று கேட்காதீர்கள். குடிக்கத்தான் கண்ணாடி டம்ளர் இருக்கிறதே.

மகள் வீட்டில் கொஞ்ச நாள் இருந்துவிட்டு நேற்றுத்தான் திரும்பினேன். போகும்போது அலமாரிச் சாவியை மருமகளிடம் கொடுத்திருந்தேன். அவளிடம் பாத்திரம் கழுவும் மெஷின் ஒன்று இருக்கிறது. கொதிக்கக் கொதிக்கத் தண்ணீரைப் பீய்ச்சும் ராட்சசி.

மூன்றாவது, ‘டொக்’. நான்காவது, ‘டொக்’.

அந்த ராட்சசி வாயில்தான் போட்டிருக்கிறாள்.

அவள்மேல் எனக்கு முன்பே ஒரு குறை. வாய்க்குள்ளேயே பேசுவாள். ஒன்று கேட்டால் மென்று முழுங்கி ஒரு பதில். என் மகன் பேசினால் வீடே முழங்கும். இவளுக்கு மட்டும் என்னிடம் வாயைத் திறக்க மனசில்லை. அவள் வாங்கி வந்த குக்கரும் அவளைப் போலத்தான், விசிலே அடிக்காது. நானும் வீம்புக்குக் கேட்பதை விட்டுவிட்டேன். ஒரே கூரையின் கீழ் இரண்டு பேரும் தலையை ஆட்டியே காலம் தள்ளினோம்.

இன்றைக்கு விடுவதாக இல்லை. நான் கேட்கப்போகிற கேள்வியில் அவள் பெட்டியைக் கட்டிவிடுவாள், மகனும் பின்னாலேயே போய்விடுவான். தெரிந்துதான் கூப்பிட்டேன்.

ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். என்னவோ சொன்னாள். கடைசியில் ‘அத்தை’ மட்டும் என் காதில் விழுந்தது.

“தட்டிப் பாரு. உன் லட்சணத்தை நீயே கேளு.”

கோப்பையை வாங்கும் முன் அவள் வளையலைக் கழற்றி மேசையில் வைத்தாள். வயிற்றுக்கு அடியில் உள்ளங்கை கொடுத்து வாங்கினாள். நான் அதைக் கவனிக்காத மாதிரி இருந்தேன்.

சுண்டினாள்.

‘டொக்.’

அவள் முகம் மலர்ந்தது. கண்ணை மூடி, தலையைச் சாய்த்து, நீளமாய் இழுத்துக்கொண்டு போகிற எதையோ கடைசிவரை கேட்கிறவள் போல நின்றாள்.

டொக்கென்று நின்றுபோனதைக் கேட்க இவ்வளவு நேரமா?

ஜன்னலோரத்தில் பூனை இரண்டு காதையும் கோப்பைப் பக்கம் நிமிர்த்தியிருந்தது. அதுவும் கேட்டுக்கொண்டே இருந்தது.

நான் பூனையைப் பார்த்தேன். கோப்பையைப் பார்த்தேன்.

மருமகள் சட்டென்று கண்ணைத் திறந்தாள். கோப்பையை மெத்தென்று துவாலைமேல் வைத்துவிட்டு, சமையலறைக்கு ஓடி குக்கர் அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள். யாரும் கூப்பிட்ட மாதிரித் தெரியவில்லை.

நாக்கு நுனிவரை வந்திருந்த மெஷின் பேச்சை அப்படியே விழுங்கினேன். பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டேன்.

“கிட்ட வந்து உக்காரும்மா. இத்தனை நாளா என்கிட்ட என்னதான் சொல்லிக்கிட்டிருந்தே?”

அவள் உதடு அசைந்தது.

பாம்புச் செவிக்காரி, உள்ளங்கையைக் காதோரம் குவித்துக்கொண்டேன்.