அஞ்சுகத்தின் சிலேட்டு

அந்த வகுப்பில் அட்டெண்டன்ஸ் எடுப்பது அஞ்சுகம்தான், கண்ணுகளா. அவளுக்குப் பிறவியிலிருந்தே காது கேட்காது. சேர்ந்த அன்றைக்கு, பெயர் கூப்பிட்டதும் "உள்ளேன் டீச்சர்" சொல்லவில்லை என்று, முதல் பெஞ்சில் இருந்தவளுக்கே ஆப்சென்ட் போட்டுவிட்டார்கள். மறுநாள் ஒரு பிள்ளையும் வாய் திறக்கவில்லை. முப்பது பேருக்கும் ஆப்சென்ட். அன்றைக்கே டீச்சர் சிலேட்டை அவளிடம் கொடுத்துவிட்டார். அவள் ஒவ்வொரு பெயராக எழுதிக் காட்டுவாள். அந்தப் பெயருக்கு உரிய பிள்ளை கை தூக்கும்.

பார்வையிட வந்த அதிகாரிக்கு இது பிடிக்கவில்லை. "என்ன டீச்சர், ஊமை நாடகமா? இவளை இவளுக்குன்னு இருக்கிற பள்ளிக்கு அனுப்புங்க."

பின்பெஞ்சிலிருந்து செவந்தி எழுந்தாள். "அவ போயிட்டா நாங்க வந்திருக்கோம்னு யாரு சார் சொல்லுவா?"

அதிகாரியின் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்த அஞ்சுகம், மேசையில் அவர் கையெழுத்துப் போட்டிருந்த பார்வையாளர் புத்தகத்தைப் புரட்டி, அவர் பெயரைச் சிலேட்டில் எழுதித் தூக்கிப் பிடித்தாள். ராஜரத்தினம். அவள் கை தாழவே இல்லை. வெகுநேரம் கழித்து அவர் நாற்காலியிலிருந்து எழுந்து கை தூக்கினார். அவள் அதை அழித்துவிட்டு, கடைசியாகத் தன் பெயரை எழுதினாள். வகுப்பு மொத்தமும் கை தூக்கியது. ராஜரத்தினம் தூக்கிய கையை இறக்கவில்லை.