கிராணியின் ஞாயிற்றுக்கிழமைக் கள்ளு

"வீரா, இன்னிக்கு எந்தப் பக்கம் போகலாம்?"

ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்ட கை காய்வதற்குள் கார்த்திகேசுவின் பழைய மோரிஸ் மைனர் வாசலில் வந்து நின்றுவிடும். வீரன் பால் வெட்டிய அதே ரப்பர் தோட்டத்தில் ஆபீஸ் கணக்கு எழுதும் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவர். கேட்பதும் எப்போதும் இதைத்தான்.

வீரன் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே யோசிப்பார். ஏதோ பெண் பார்க்கப் போகிற மாதிரி அப்படி ஒரு யோசனை.

"சுங்கை ஆயர் தாவார் கள்ளு புளிப்புங்கய்யா, போன தடவையே வயித்தப் பெரட்டிச்சு. சுங்கை புரோங் தாண்டி ஒரு தோட்டம் இருக்குல்ல, அங்க எறக்குறது நல்ல இனிப்பு."

"அப்போ அங்கேயே போவோம். ஏறு."

உள்ளே ஒரு பாத்திரம் உருண்டது. மருமகள் லீலாவதிதான்.

"பேரன் பேத்தி எடுத்தாச்சு, இன்னும் எந்தத் தோட்டத்துக் கள்ளு ருசின்னு கார் போட்டுத் தேடுறாங்க ரெண்டு பெருசும். பக்கத்து வீட்டுக்காரங்க மொகத்துல முழிக்க முடியல லா!"

அவள் கோபத்திலும் நியாயம் உண்டு. ஆனால் மாமனார் ஒரு நாள்கூடத் தள்ளாடி வீடு திரும்பியதில்லை என்பதை மட்டும் அவள் கவனிக்கவில்லை.

வீரன் கள்ளை விட்டு மூன்று வருஷமாகிறது. சாகக் கிடந்த மனைவி சின்னத்தாயின் கையில் அடித்துச் செய்த சத்தியம். குடிகாரன் சத்தியம் என்று தோட்டத்து லயத்து வீடுகளே சிரித்தன. அவர் மீறவில்லை.

பிறகு ஏன் போகிறார் என்றால், அது வேறு கதை.

சின்னத்தாய் போனாள். தோட்டத்தில் ரப்பரை வெட்டிச் செம்பனை நட்டார்கள், லயத்தையும் இடித்தார்கள். வீரன் தஞ்சோங் காராங்கில் மகன் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். மகனுக்குக் கிள்ளானில் வேலை. பிள்ளைகளுக்கு டிவி. நாள் முழுக்க அவரிடம் யாராவது பேசினால், "மாமா, காலைத் தூக்குங்க, கூட்டணும்" என்பதோடு சரி.

அப்படி இருக்கும்போதுதான் ஒரு நாள் மார்க்கெட்டில் கார்த்திகேசு காரை நிறுத்தி, "டேய் வீரா!" என்று கூப்பிட்டார். தன் பெயரைக் கேட்டு எத்தனை நாளாயிற்று! வீரனுக்குக் கண் கலங்கிவிட்டது.

"நல்ல கள்ளுக்கடை ஒண்ணு இருக்காம், வர்றியா?"

வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. படித்த மனுஷர், கள்ளுக்கடைக்குத் தனியாகப் போகக் கூச்சம், அதனால் துணைக்கு ஆள் தேடுகிறார் என்று நினைத்துக்கொண்டார். குடியை விட்டாச்சு என்றால் வேறு யாரையாவது ஏற்றிக்கொண்டு போய்விடுவாரே!

அன்று ஆரம்பித்ததுதான் இந்தக் கூத்து. கடையில் கிராணி தன் குவளையை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போய்விடுவார். தோட்டத்து ஆட்களோடு சரிசமமாக உட்கார்ந்து குடிப்பாரா என்ன? அவர் தலை மறைந்ததும் வீரன் தன் கள்ளைப் பக்கத்து ஆளின் குவளையில் ஊற்றிவிட்டு வாயைத் துடைத்துக்கொள்வார். வீரனுக்கு வேண்டியது அதற்குப் பிறகுதான். வழியெல்லாம் பேச்சு, சிரிப்பு. அத்தனை குடித்தும் கிராணி காரைக் கோடு போட்ட மாதிரி ஓட்டுவார். பெரிய மனுஷங்க குடி அப்படித்தான் போல என்று வீரன் வியப்பார்.

சுங்கை புரோங்கைத் தாண்டிப் போய்ப் பார்த்தால், கடையில் பூட்டுத் தொங்கியது.

"நிர்வாகமே மூடிட்டாங்கய்யா," என்றான் சைக்கிளில் வந்தவன். "சுங்கை ஆயர் தாவார்லயும் போன வாரமே மூடியாச்சு. இனி இந்தப் பக்கம் எங்கயும் கள்ளு கெடையாது."

கார்த்திகேசு பூட்டையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அப்போ வீட்டுக்குத்தான் போகணும், வேற என்ன," என்றார் மெதுவாக.

வீரன் காரைத் திரும்பிப் பார்த்தார். இன்றைக்கு மட்டுமா? இனி எந்த ஞாயிற்றுக்கிழமையும் இந்தக் கார் வாசலுக்கு வராதே!

"செகிஞ்சான்ல சீனத் தவுக்கே கடையில பீர் கெடைக்குங்கய்யா!" வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"பீர் குடிப்பியா நீ?"

"பீருன்னா உசுர விடுவேங்கய்யா."

கிராணியின் முகம் மலர்ந்தது. கார் பறந்தது.

செகிஞ்சானில் தவுக்கே தெருவோரத்தில் மேசை போட்டிருந்தார். நாலு பக்கமும் திறந்த இடம். பீரை வாங்கிக்கொள்ளப் பக்கத்து ஆளும் இல்லை. ஒரு போத்தலும் இரண்டு கிளாஸும் வந்தன. கிராணி தன் கையாலேயே வீரனுக்கு ஊற்றினார்.

"ம், குடி."

வீரன் கிளாஸைத் தூக்கினார். 'சின்னத்தாயி, இந்த ஒரு தடவ பொறுத்துக்க புள்ள. இவரையும் விட்டுட்டா எனக்குப் பேச ஒரு நாதியில்ல.'

உதட்டுக்குக் கொண்டுபோனவர், எதிரே பார்த்துவிட்டு நிறுத்தினார். கிராணியின் கிளாஸ் காலியாகவே இருந்தது.

"ஐயா ஊத்திக்கலியா?"

கார்த்திகேசு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார். எழுந்து போக மறைவான இடம் எதுவும் இல்லை.

"நீ குடி, வீரா. எனக்கு அந்த வாடையே ஆகாது. பொறந்ததுலேர்ந்து ஒரு சொட்டு தொட்டதில்ல. கடைக்குப் பின்னால கொண்டுபோய்க் கால்வாயிலதான் ஊத்துவேன்." அவர் குரல் இறங்கியது. "தோட்டத்து ஆளாச்சே, சும்மா பேசிக்கிட்டிருக்கலாம் வான்னு கூப்பிட்டா வரமாட்டே, கள்ளுன்னாத்தான் வருவேன்னு நெனச்சுட்டேன்."