தாளம் போட்ட கை

மதுவந்திக்குக் காது கேட்காமல் போய் எட்டு மாதம். பரதநாட்டியப் பட்டப்படிப்பில் கடைசி ஆண்டு. தோழி ரேகாவைத் தவிரக் கல்லூரியில் யாருக்கும் விஷயம் தெரியாது. வகுப்பில் ஆசிரியர் கழியால் தட்டும் தாளம் பலகைத் தரை வழியாக அவள் உள்ளங்காலுக்கு ஏறி வரும். அதைப் பிடித்துக்கொண்டே இத்தனை நாளும் ஆடிவிட்டாள். இன்று செய்முறைத் தேர்வைக் கருங்கல் தரை போட்ட கூடத்துக்கு மாற்றிவிட்டார்கள்.

“சார்கிட்ட உண்மையைச் சொல்லித் தொலைடி,” என்று ரேகாவின் உதடுகள் அசைந்தன.

“சொன்னா பட்டமா தருவாங்க? ஊருக்கு பஸ் ஏத்தி விடுவாங்க.”

ஆசிரியர் பக்கவாட்டில் உட்கார்ந்திருந்தார். ஆடும்போது அவரைத் திரும்பிப் பார்த்தால் மதிப்பெண் போய்விடும். காலுக்கடியில் கல் செத்துக் கிடந்தது. தட்டுத் தடுமாறி நாலு அடி வைத்தபின்தான் கவனித்தாள், எதிரே இருந்த தேர்வாளர் அம்மாள் தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். அந்தக் கையைவிட்டுக் கண்ணை எடுக்காமல் மதுவந்தி ஆடினாள். காதலனுக்காக ஏங்கும் நாயகியின் பார்வை என்று எடுத்துக்கொண்டாரோ என்னவோ, அம்மாளின் முகம் மலர்ந்தது. மகிழ்ச்சியோடு தலையாட்டியபடி, மதிப்பெண் எழுத அந்தக் கையாலேயே பேனாவை எடுத்தார். நீண்ட ஜதி அப்போதுதான் தொடங்கியிருந்தது.