விற்பனைக்கு இல்லாத மீட்டர் கோல்

தையல்காரர் உள்ளே வருவதைப் பார்த்ததும், துணிக்கடைக்காரர் மேசையில் கிடந்த மீட்டர் கோலை எடுத்து மெல்லக் கீழே ஒளித்துவைத்தார்.

அதைத் தையல்காரர் பார்த்துவிட்டார்.

கடைக்கு அது கடைசி நாள். ‘கடையை மூடுகிறோம், எல்லாம் பாதி விலை’ என்று ஒரு பழைய படுக்கை விரிப்பில் எழுதி வாசலில் தொங்கவிட்டிருந்தார்கள். அந்த விரிப்பையும் காலையிலேயே ஒரு பெண் விலை கேட்டுவிட்டாள். திரைச்சீலைகள் விற்றுப்போன சுவர்கள், குளிக்கப் போகிறவரைப் போலக் கூச்சத்தோடு நின்றன. காலி அலமாரிகளை வாங்க வந்திருந்த தச்சர் இரும்பு டேப்பைச் சரசரவென்று இழுத்து ஒவ்வொன்றாக அளந்துகொண்டிருந்தார்.

“எல்லாம் பாதி விலைதானே முதலாளி? அந்தக் கோலை எடுங்க” என்றார் தையல்காரர்.

“அது விற்பனைக்கு இல்ல மாஸ்டர்.”

“ஏனாம்?”

“பன்னெண்டு வருஷமா என் கையிலயே இருந்தது. வீட்டுக்கு எடுத்துட்டுப் போறேன்.”

“அதோட சாட்சியும் போயிடும். அப்படித்தானே?”

துணிகளைப் புரட்டிக்கொண்டிருந்த பெண்களின் கைகள் நின்றன. விஷயம் அவர்கள் எல்லோருக்கும் தெரிந்ததுதான். மற்ற கடைகள் ஆயத்த ஆடைகளை மட்டுமே விற்க, மீட்டர் கணக்கில் துணி வெட்டிக் கொடுப்பது ஊரில் இந்த ஒரு கடைதான். இங்கே அளவு குறையும் என்ற பேச்சு, கடை திறந்த ஆறாவது மாதத்திலேயே கிளம்பிவிட்டது. பேச்சு நிலைத்தது. கடைதான் நிலைக்கவில்லை.

“உங்க கோல் குட்டை, பழி எனக்கு” என்றார் தையல்காரர். “துணி குறையுதுன்னு சொன்னா, நான் வெட்டி ஒளிச்சுக்கிட்டேங்கிறாங்க. எங்க சம்பந்தியே துணியைக் குடுத்துட்டு, தைச்சு முடிக்கிற வரைக்கும் பக்கத்துல நாற்காலி போட்டு உக்காந்துக்கிறாரு. டீ வேற கேக்கிறாரு. இன்னிக்கு எனக்கு ஒரு முடிவு தெரிஞ்சாகணும்.”

“குறைஞ்ச துணியில முழுக்கைச் சட்டை மட்டும் எப்படி வந்துச்சாம்?”

“அது என் கைத்திறமை!”

“அதென்னவோ உண்மைதான். மாஸ்டர் தைச்சா ஒரு நூல் கூடாது, குறையாது” என்றாள் தலையணை உறை எடுத்துக்கொண்டிருந்த பெண்.

“கேட்டுக்கங்க” என்று கழுத்தில் தொங்கிய டேப்பைத் தட்டினார் தையல்காரர். “அவ்வளவு கச்சிதமான டேப்பு இது. இதுவரைக்கும் மாத்தினதே இல்ல. சரி, நான் ஒருத்தனா சொல்றேன்? ஊர்ல எந்தத் தையல்காரரை வேணும்னாலும் கேளுங்க. மீட்டருக்கு மூணு சென்டிமீட்டர் குறையும்னு எல்லாரும் ஒண்ணாத்தான் சொல்லுவாங்க.”

கடைக்காரர் எப்போதும் மாட்டிக்கொண்டது இந்த இடத்தில்தான். ஒருவர் சொன்னால் பொறாமை என்று தள்ளிவிடலாம். ஊரில் உள்ள அத்தனை தையல்காரர்களும் சொன்னால்? கோலை அளந்து பார்க்க அவருக்கே பயம்.

அவர் குனிந்து மீட்டர் கோலை எடுத்து மேசையில் வைத்தார்.

“அளந்துக்கங்க. கடையை மூடிட்டுப் போறேன், அது பரவாயில்ல. திருடன்கிற பேரோட போக மாட்டேன்.”

தையல்காரர் கழுத்திலிருந்த டேப்பை உருவினார். அது நைந்துபோன ரிப்பனைப் போல வழுக்கிக்கொண்டு வந்தது. நுனியில் ஏதோ நீல எழுத்துகள் இருந்து அழிந்திருந்தன. கோலின் ஒரு முனையில் வைத்து மறு முனை வரை நீவிவிட்டார். எல்லோரும் குனிந்து பார்த்தார்கள்.

தொண்ணூற்றேழு.

“பாத்துக்கங்க! எல்லாரும் நல்லா பாத்துக்கங்க!”

அந்தப் பெண் தலையணை உறைகளைச் சத்தமில்லாமல் இருந்த இடத்திலேயே வைத்தாள். கடைக்காரர் முக்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

“கொஞ்சம் நகருங்க” என்று வந்தார் தச்சர். இரும்பு டேப்பைக் கோலின் மீது வைத்தார். “நூறு” என்றார், அலமாரிகளுக்குச் சொன்ன அதே குரலில். பிறகு இரண்டு டேப்புகளையும் அருகருகே நீட்டிப் பார்த்தார். “கோல் சரியாத்தான் இருக்கு. உங்க டேப்புதான் இழுபட்டு நீண்டு போச்சு மாஸ்டர்.”

“டேப்பு தப்புன்னா நான் தைச்ச சட்டையெல்லாம் எப்படிய்யா பொருந்துச்சு?”

“ஆளையும் இதாலதான் அளந்தீங்க. துணியையும் இதாலதான் அளந்து வெட்டுனீங்க. பொருந்தாம என்ன செய்யும்?”

தையல்காரரின் கைத்திறமை அந்த மேசை மேலேயே மீட்டருக்கு மூன்று சென்டிமீட்டர் குறைந்தது.

கடைக்காரர் எழுந்தார். பன்னிரண்டு வருடங்களில் முதல் முறையாக அவர் குரல் உயர்ந்தது.

“ரெண்டு காசு பெறாத டேப்பை வெச்சுக்கிட்டு என் கடையையே மூட வெச்சுட்டீங்களே! ஒருத்தர் டேப்பு நீளலாம், ஊர்ல அத்தனை பேரு டேப்புமா நீளும்? எந்தப் படுபாவி உங்க எல்லார் தலையிலயும் இந்தக் குப்பையைக் கட்டினான்?”

தையல்காரர் டேப்பின் நுனியை வெளிச்சத்தில் பிடித்து, அழிந்த நீல எழுத்துகளைக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். பிறகு அதைப் பதமாகச் சுருட்டிக் கடைக்காரரின் முன்னால் வைத்தார்.

“கடை திறந்த அன்னிக்கு, தையல்காரங்க எல்லாருக்கும் நீங்கதான் முதலாளி இலவசமா குடுத்தீங்க.”