பூஜைக்கு வைக்க ஒன்று

அவன் சந்தனக் கிண்ணத்தை வைத்துக்கொண்டு சும்மா நின்றான்.

பூஜைப் பலகையில் மகள் வர்ஷினியின் புத்தகங்கள் ஏறிவிட்டன. கணக்குப் புத்தகத்தைச் சாமியிடம் ஒப்படைத்ததில் அவளுக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

பக்கத்தில் மனைவி கோகிலாவின் கத்தரிக்கோல். பனியன் கம்பெனியில் தைக்கிறவள். காலையில் அங்கே பூஜை முடித்து, பொரியும் லட்டுமாக ஒரு பையோடு வந்திருந்தாள்.

போன வருஷம்வரை அந்தப் பை அவன் கையில்தான் வரும்.

இரும்பைக் கடையும் லேத்துப் பட்டறையில் டர்னர் அவன். ஆயுத பூஜை என்றால் அங்கே அவன் வைத்ததுதான் சட்டம். மிஷினுக்கு விபூதிப் பட்டை போடுவது, வாழைக்கன்று கட்டுவது, திருஷ்டிப் பூசணி உடைப்பது எல்லாம் அவன்தான். முதலாளியே ஓரமாகத்தான் நிற்பார்.

ஆர்டர் நின்றது. முதலாளி மிஷின்களை லாரியில் ஏற்றி விற்றுவிட்டார். தெரிந்த பட்டறையெல்லாம் ஏறி இறங்கினான். எல்லா இடத்திலும் அதே பாட்டு.

கோகிலா ஓவர்டைம் போக ஆரம்பித்தாள். அவன் சமைக்க ஆரம்பித்தான்.

யாரும் அவனை உட்காரவைத்துச் சொல்லவில்லை. அந்த வேலை அதுவாக வந்து ஒட்டிக்கொண்டது. தெருப்பக்க ஜன்னலைச் சாத்திவிட்டுத்தான் தோசை ஊற்றுவான். நீங்களாக இருந்தாலும் சாத்தித்தான் இருப்பீர்கள்.

"அப்பா, உங்களுது எங்கப்பா?"

"என்றகிட்ட என்ன கண்ணு இருக்குது? நீங்க கும்பிடுங்க."

சாதாரணமாகத்தான் சொன்னான்.

வர்ஷினி உள்ளே ஓடினாள். தோசைத்திருப்பியோடு வந்தாள். நுனி கருத்து, பிடி லேசாக வளைந்த திருப்பி. புத்தகத்துக்கும் கத்தரிக்கோலுக்கும் நடுவே இடம் ஒதுக்கி வைத்தாள்.

"இது அப்பாவுது."

கேலி எல்லாம் இல்லை. தினம் பார்த்ததைச் சொன்னாள், அவ்வளவுதான்.

அவனுக்குச் சுருக்கென்றது. வெளியே தெருவில் ஆம்பளைகள் லாரிக்கும் டெம்போவுக்கும் மாலை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். இங்கே இவனுக்குத் தோசைத்திருப்பி. நல்ல கூத்து.

"எடு கண்ணு அதை."

வர்ஷினி அம்மாவைப் பார்த்தாள்.

கோகிலா அவன் கையிலிருந்த கிண்ணத்தை வாங்கினாள். திருப்பியை முந்தானையால் துடைத்தாள். பிடியில் சந்தனம் வைத்தாள். அதன்மேல் குங்குமம். தன் கத்தரிக்கோலுக்கு எப்படி வைத்தாளோ அப்படி.

பிறகு கற்பூரத்தைக் கொளுத்தினாள்.

கற்பூரம் எரியும்போது சண்டை போட முடியுமா? அவனும் கைகூப்பினான். கண்ணை மட்டும் மூடிக்கொண்டான். மூடாவிட்டால் திருப்பி தெரியும்.

பூஜை முடிந்தது. பொரி தின்றார்கள். வர்ஷினிக்கு அது எந்த மூலைக்கு? தோசை கேட்டாள்.

பழக்கதோஷம், அவன்தான் எழுந்தான். பலகையிலிருந்த திருப்பியை எடுக்கக் குனிந்தான்.

"அய்யோ, தொடாதீங்க!" கோகிலா கையைப் பிடித்துவிட்டாள். "சாமிகிட்ட வெச்சதை நாளைக்குக் காலைலதான் எடுக்கோணும். தெரியாதுங்களா உங்களுக்கு?"

தெரியாமலா? பட்டறையில் எத்தனை பேரை இதைச் சொல்லித் திட்டியிருக்கிறான்.

"அப்ப தோசை?"

"நான் ஊத்தறேன். உங்களுக்கு இன்னைக்கு லீவுங்க."

லீவு.

பட்டறை மூடியதிலிருந்து அந்த வார்த்தையை அவனிடம் யாரும் சொன்னதில்லை. வேலையே இல்லாதவனுக்கு எங்கிருந்து லீவு விடுவது?

அவன் சுவரோரம் உட்கார்ந்தான்.

கொஞ்சம் யோசித்து, காலை நீட்டிக்கொண்டான்.

உள்ளே கல்லில் சொய்யென்று மாவு விழுந்தது. கொஞ்ச நேரத்தில் கரண்டிக் காம்பால் சுரண்டுகிற சத்தம். அப்புறம் கோகிலாவின் குரல்.

"ஏனுங்க, கல்லோட ஒட்டிக்கிச்சு. வரவே மாட்டேங்குது. கொஞ்சம் வந்து பாருங்க."

வர்ஷினி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவன் அசையவில்லை.

"இன்னைக்குப் பட்டறை லீவு அம்மணி," என்றான். "நாளைக்கு வாங்க."

மகள் பார்ப்பதற்குள் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான்.