இருபத்தைந்து நிறையவில்லை

“அந்தப் புள்ளையோட மனுவைத் தள்ளுபடி பண்ணச் சொல்லிக் கேக்க எனக்கே கூச்சமாத்தானுங்க இருக்குது” என்றார் ஆத்தப்பன். சொல்லிவிட்டு வேட்டி மடிப்பைத் தடவிக்கொண்டார். எதிரே இருந்தவளை நிமிர்ந்து பார்க்கவில்லை.

வேட்புமனு பரிசீலனை நடந்துகொண்டிருந்தது. எதிர் நாற்காலியில் சுயேச்சை வேட்பாளர் விஜயராணி. நல்லூரில் ஆத்தப்பனின் பனியன் கம்பெனியில் நூல் பிசிறு வெட்டிக்கொண்டிருந்தவள், இன்று சரிசமமாக உட்கார்ந்து அவரோடு சட்டமன்றத்துக்குப் போட்டி போடுகிறாள். அதைவிட வெட்கக்கேடு, அவளைப் பார்த்து அவர் பயந்துபோயிருப்பது.

போன தேர்தலில் தொள்ளாயிரம் ஓட்டில் கோட்டை விட்டவர். கட்சி இந்த முறையும் சீட்டுக் கொடுத்ததே பெரிய விஷயம். தொழிலாளர் குடியிருப்பு ஓட்டுகளை இவள் பிரித்துவிட்டால் அதோடு அவர் அரசியல் முடிந்தது.

“ஓட்டு வாங்கி ஜெயிக்க வக்கில்லாம, ஒரு காயிதத்தை வெச்சு ஜெயிக்கப் போறீங்களாக்கும்?” என்று காலையில் மனைவி சாமியாத்தாள் கேட்டது இன்னும் சுட்டுக்கொண்டிருந்தது.

வக்கீல் தௌபிக் அந்தக் காகிதத்தை மேஜையில் வைத்தார். “பிறப்புச் சான்றிதழ் மேடம். உசிலம்பட்டிப் பக்கம் பொறந்தவங்க. வாக்காளர் பட்டியல்ல முப்பது வயசுன்னு இருக்கு. நெசமான வயசு இருபத்தி நாலு.”

தேர்தல் அதிகாரி வேல்விழி கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு படித்தார். “சட்டமன்றத்துக்கு நிக்க இருபத்தஞ்சு வயசு நிறைஞ்சிருக்கணும். அரசியலமைப்புச் சட்டமே சொல்லுது. ஒரு நாள் குறைஞ்சாலும் நான் விட முடியாது. நீங்க என்னம்மா சொல்றீங்க?”

விஜயராணி பதறவில்லை. “அவங்க சொல்றதை எழுத்துல தருவாங்களா மேடம்?”

“தராம என்னங்க?” என்று முந்திக்கொண்டார் ஆத்தப்பன்.

“இது இவங்களோட சான்றிதழ்தான்னு எப்படிச் சொல்றீங்க? பேர் ஒத்துப்போனா போதாது” என்றார் வேல்விழி.

“எனக்குத் தெரியாதுங்களா? பன்னெண்டு வருசத்துக்கு முந்தி இவங்க அம்மா ஒச்சாயி கையைப் பிடிச்சுக் கூட்டியாந்து, எங்க கம்பெனியிலதானுங்க சேத்துவுட்டாங்க. அந்த அம்மா பேரு சான்றிதழ்லயும் இருக்குது பாருங்க. மேஜை எட்டலைன்னு நாந்தானுங்க ஸ்டூல் போட்டுக் குடுத்தேன்!”

ஸ்டூல் ஞாபகம் வந்ததும் அவருக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. அவ்வளவு செய்தும் நன்றி இல்லையே இந்தப் பெண்ணுக்கு! கம்பெனியில் சின்னப் பிள்ளைகள் வேலை செய்கிறார்கள் என்று இரண்டு வருஷத்துக்கு முன்னால் புகார் கொடுத்தவளும் இவள்தான். விசாரிக்க வந்தவர்களுக்கு அவர் ரெஜிஸ்டரைப் பிரித்துக் காட்டினார். அதில் எல்லாருக்கும் பதினெட்டுக்கு மேல்தான். ஆதாரம் இல்லாத புகார் அத்தோடு படுத்துவிட்டது.

அவர் சொன்னதை ஒரு வரி விடாமல் எழுதி நீட்டினார் வேல்விழி. தௌபிக் எட்டிப் படித்துவிட்டுத் தொண்டையைச் செருமினார்.

“அண்ணே, ஒரு நிமிசம். அந்த ஸ்டூல் சமாச்சாரம் எதுக்கு...”

அதற்குள் ஆத்தப்பன் கையெழுத்தைப் போட்டு, தேதியும் போட்டுவிட்டார். இந்த வெட்கக்கேடு சீக்கிரம் முடிந்தால் போதும் என்றிருந்தது அவருக்கு.

விஜயராணியின் மனு நிராகரிக்கப்பட்டது. அவள் மறுப்பு ஒன்றும் சொல்லவில்லை. ஆத்தப்பன் கையெழுத்திட்ட ஆட்சேபணையின் நகல் ஒன்றை முத்திரை போட்டுக் கேட்டாள். வாங்கி, நான்காக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

ஆத்தப்பனுக்கு மனசு கேட்கவில்லை. ஜெயித்த மாதிரியே இல்லை, எதையோ திருடிய மாதிரி இருந்தது. வராந்தாவில் வேகமாகப் போய் அவளை நிறுத்தினார்.

“மனசுல வெச்சுக்காத கண்ணு. இன்னும் வயசு இருக்குது, அடுத்த தடவை நின்னுக்கலாம். ஆமா, எதுக்கு வயசைக் கூட்டிப் பொய்யாக் குடுத்தே?”

“நான் எங்கங்க கூட்டுனேன்?” பையிலிருந்து ஒரு பழைய அட்டையை எடுத்து நீட்டினாள். “இதைக் காட்டித்தான் எல்லா எடத்துலயும் எங்கம்மா என் வயசை எழுதிக் குடுத்துச்சு.”

அவருடைய கம்பெனியின் அடையாள அட்டை. ரெட்டைச் சடை போட்ட ஒரு குழந்தை முகம், ஓரம் மங்கிப்போய். சேர்ந்த நாள் பன்னிரண்டு வருஷத்துக்கு முந்தியது. வயது என்ற இடத்தில் பதினெட்டு. கீழே அவருடைய கையெழுத்து.

இருபத்தி நாலில் பன்னிரண்டு போனால் எவ்வளவு என்று கணக்குப் போட அவருக்கு நேரமாகவில்லை. சற்றுமுன் உள்ளே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வந்ததும் அதே கணக்கைத்தான்.

உடம்பெல்லாம் கூசிப்போயிற்று அவருக்கு. அந்த ஸ்டூல் இன்னும் கம்பெனியில்தான் இருக்கிறது. இன்றைக்குக் காலையில்கூட அதன்மேல் ஒரு சிறுமி நின்று பிசிறு வெட்டிக்கொண்டிருந்தாள். பார்த்துக்கொண்டேதான் காரில் ஏறி வந்தார்.

“உன்ற மனு போயிருச்சே கண்ணு...” என்றார், வேறு என்ன சொல்வதென்று தெரியாமல்.

“போகட்டுங்க மொதலாளி. உங்க கையெழுத்துக்காகத்தானே மனுவே போட்டேன்.”